‘கடலில் உள்ளது’ என்று வந்த செய்தி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு விடாத ஒரு வாரத்தில் குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊரில் நடந்தது இது. அங்கே ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். அலுவலகம் என்றதும் கண்ணாடிக் கட்டடம், கழுத்தில் தொங்கும் அட்டை என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். கீழே நேந்திரங்காய் சிப்ஸ் கடை, மேலே நாங்கள். காலையில் அவர்கள் எண்ணெயைக் காய வைத்தால் சாயங்காலம் வரை எங்கள் துணிமணியெல்லாம் அந்த வாசனைதான்.

எனக்குச் சொந்த ஊர் அஞ்சுகிராமம். கல்யாணம் ஆகித்தான் மேற்கே வந்தேன். ஒரே மாவட்டம்தான், ஆனாலும் வந்த புதிதில் மாமியார் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது. நான் பேசினால் அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கல்யாண மாலை வாடுவதற்குள் வீட்டுக்காரர் வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிட்டார். வீட்டில் சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் வேலைக்கு வந்தேன். எம்.சி.ஏ. படித்ததற்கும் ஒரு பிரயோசனம் வேண்டாமா?

அந்த வாரம் என் கைக்கு வந்தது, கடற்கரைக் கிராமம் ஒன்றின் மீனவர் சங்கத்து வேலை. அந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். போனால் ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேலே. நடுக்கடலில் செல்போன் எடுக்காது. படகிலிருக்கும் வயர்லெஸ்ஸில் ஒரு படகு இன்னொரு படகிடம் சொல்லும், அது கரைக்குப் பக்கத்தில் நிற்கும் படகிடம் சொல்லும், அப்படியே கைமாறிச் சங்கத்து அறைக்குச் சேதி வந்து சேரும். செயலாளர் அதைக் கேட்டுக் கணினியில் பதிவார். சாயங்காலம் வீடுகளில் ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரத்தில், படகில் போனவர்களின் வீட்டுக்கெல்லாம் ஒரு குறுஞ்செய்தி போகும். படகின் பெயர், அதன் பக்கத்தில் ‘கடலில் உள்ளது’. அவ்வளவுதான் செய்தி. படகு வந்துவிட்டால் ‘கரை சேர்ந்தது’ என்று கடைசியாக ஒன்று போகும். அதோடு சங்கத்தில் அந்தப் படகைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை கடலுக்குப் போகும்போது புதிதாகச் சேர்ப்பார்கள்.

இதில் ஒரு கோளாறு, ஒரு வருடத்துக்கும் மேலாகப் பார்க்க ஆள் இல்லாமல் கிடந்தது. கரைக்கு வந்த பிறகும் ‘கடலில் உள்ளது’ என்று செய்தி போய்க்கொண்டே இருந்தது. செயலாளர் ஃபோனில் புலம்பினார்.

“மேடம், ஆளு வீட்டுல இருந்து மீன்கறி ஊத்திச் சோறு தின்னுகிட்டிருக்கான். பெண்டாட்டிக்க ஃபோனுல கடலில் உள்ளதுன்னு வருகு. அவ கேக்கா, அப்பம் இங்க இருந்து திங்குகது ஆருன்னு. ஊரே சிரிக்குது மேடம்.”

எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இந்த நிரலை, அதாவது புரோகிராமை, எழுதிய பையன் எப்போதோ பெங்களூருக்குப் போய்விட்டான். அவனுக்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை, அது ஓடுகிற கணினியை ஒருமுறை அணைத்துப் போடக்கூட இல்லை. ஆகவே அவன் எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது. அவன் எழுதியிருந்தது ஜாவா என்ற கணினி மொழியில். அதில் ‘கிளாஸ்’ என்பது ஒரு அச்சு. படகு என்று ஒரு கிளாஸ் எழுதினால் அதை வைத்து எத்தனை படகு வேண்டுமானாலும் கணினிக்குள் உண்டாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் பெயர், புறப்பட்ட நாள், கடலில் இருக்கிறதா என்ற நிலவரம். இவற்றை ‘பிரைவேட்’ என்று சொல்லிப் பூட்டிவைப்பது வழக்கம். வெளியிலிருந்து வேறு கிளாஸ் எதுவும் வந்து தொட முடியாது. ஆனால் ஒரு கிளாஸுக்கு உள்ளேயே இன்னொரு கிளாஸ் எழுதலாம். அப்படி உள்ளே இருப்பதற்கு இந்தப் பூட்டு கிடையாது. வெளியே உள்ளதன் சாமான்களைத் தன் சாமான் போலவே எடுத்துக்கொள்ளும். பையன் அப்படித்தான் செய்திருந்தான். படகு என்று ஒன்று, அதற்குள் வீடு என்று ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் ஒருத்தர் பெயரும் ஃபோன் நம்பரும். செய்தி அனுப்ப வேண்டிய நேரத்தில் வீடு தன் படகின் பெயரைத் தானே எடுத்து அனுப்பிவிடும்.

எப்படி எடுக்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது. உள்ளே பிறக்கிற ஒவ்வொன்றும், தான் எந்தப் படகுக்குள் பிறந்தோம் என்ற விலாசத்தைச் சத்தம் போடாமல் தன்னிடம் வைத்துக்கொள்ளும். நாம் அப்படி ஒரு வரி எழுதுவதே கிடையாது. மொழி தானாகச் செய்துகொள்கிற வேலை அது. ‘ஸ்டாட்டிக்’ என்று ஒரு சொல்லை முன்னால் போட்டால்தான் அந்த விலாசம் இருக்காது. அப்போது அது உள்ளே எழுதப்பட்டிருந்தாலும் தனி ஆள். எந்தப் படகு என்று நாமாக எடுத்துக் கொடுத்தால் ஒழிய அதற்கு ஒன்றும் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. யாரும் பிடித்துக்கொண்டிருக்காத பொருளைக் கணினி தானே துடைத்து அழித்துவிடும். யாராவது ஒருத்தர் பிடித்துக்கொண்டிருந்தாலும் அதன் பக்கமே போகாது. சங்கத்தில் படகைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள், சரி. ஆனால் சாயங்காலம் மணியடித்துச் செய்தி அனுப்பச் சொல்கிற கடிகாரப் பகுதியிடம் பையன் அந்த வீடுகளையும் கொடுத்து வைத்திருந்தான். அங்கிருந்து எடுக்க மறந்துவிட்டான். கடிகாரம் வீட்டைப் பிடித்திருந்தது, வீடு படகைப் பிடித்திருந்தது. பட்டியலில் பெயரே இல்லாத படகு, பழைய நிலவரம் மாறாமல் உள்ளே அப்படியே கிடந்தது. தினமும் சாயங்காலம் அதன் பெயரில் செய்தி போனது.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! எழுந்து நின்று எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன். பக்கத்து மேஜைப் பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். வீட்டுக்கு முன்னால் ‘ஸ்டாட்டிக்’ போட்டேன், செய்தி அனுப்பும்போது மட்டும் எந்தப் படகு என்று எடுத்துக் கொடுக்க வைத்தேன். படகு எடுக்கப்பட்டால் கடிகாரத்திலிருந்தும் எடுக்கிற மாதிரி எழுதினேன். வீடுகளின் பெயரையும் நம்பரையும் மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அணைத்துத் திரும்ப ஓடவிட்டேன். அன்று சாயங்காலம் தப்பான செய்தி ஒன்றுகூடப் போகவில்லை. கீழே போய் அரைக் கிலோ சிப்ஸ் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அலுவலக ஃபோன் அடித்தது. செய்திக்கு அடியில் எங்கள் நம்பர் இருக்கும், குறை இருந்தால் கூப்பிடுவார்கள். ஒரு பெண் குரல். இந்தப் பக்கத்தில் ஒருத்தரையும் ‘மக்களே’ என்றுதான் பிரியமாகக் கூப்பிடுவார்கள்.

“மக்களே, நேத்து சாயங்காலம் மெசேஜ் வரல்லியே?”

நான் பெருமை பொங்கச் சொன்னேன். “ஆமாக்கா, இனிமே வராது. சரி பண்ணியாச்சு. ஆள்தான் வீட்டுக்கு வந்தாச்சே, பின்ன எதுக்கு மெசேஜ்?”

 மழை பெய்வது மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக, “இல்ல மக்களே, வரல்ல” என்றார். ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவேளை நான் செய்த மாற்றத்தில் கடலில் இருக்கிற படகு ஏதாவது விட்டுப்போய்விட்டதோ என்று பதறிப்போய்ச் செயலாளரைக் கூப்பிட்டேன். நம்பரைச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது.

“அதா... அந்தப் படகு இப்பம் இல்ல மேடம். போன வருசம் போனதாக்கும். ஒரு நாளு வயர்லெஸ்ஸுல பேசினாவ, காத்து பலமா இருக்குன்னு. பின்ன சத்தம் இல்ல. தேடாத இடமில்ல. கடசியில நான்தான் பேரை எடுத்தேன். மெசேஜ் மட்டும் போய்க்கிட்டே இருந்துது.”

“மத்த வீடுகளுக்கும் போயிருக்குமே?”

“போச்சு. ஒரு தாயாருக்கு இது வரும்போதெல்லாம் நெஞ்சிலடிச்சு அழுவதாக்கும் சோலி. மக அந்த நம்பரையே தடை பண்ணிப் போட்டா. மத்தவிய எங்கிட்ட சண்டைக்கு வந்தாவ. இந்த ஒரு பொம்பள மட்டும் வாயே தொறக்கல்ல. நீங்க நிப்பாட்டினது நல்லதுதான் மேடம், மனசுல வச்சுக்கிடாதிய.”

எப்படி வைத்துக்கொள்ளாமல் இருப்பது? ‘ஆள்தான் வீட்டுக்கு வந்தாச்சே’ என்று நான் சொன்னது என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. நாக்கில் சூடு வைக்கலாம் போல இருந்தது. 

இரண்டு நாள் கழித்து அந்த அக்காவே வந்துவிட்டார். மழையோடு மழையாக, கடற்கரையிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். குடையை மாடிப்படிக்குக் கீழேயே விரித்து வைத்துவிட்டு, நனைந்த கால் தரையில் படுமே என்று தயங்கி வாசலிலேயே நின்றார்.

“மெசேஜ் போடுக பிள்ள ஆரு?”

நான் எழுந்து ஓடினேன். கையைப் பிடித்து அழைத்து வந்து என் நாற்காலியில் உட்கார வைத்தேன். மன்னிச்சிருங்கக்கா என்று ஆரம்பித்தேன். அவர் கையை வீசி அதைத் தள்ளிவிட்டார்.

“அது போட்டும் மக்களே. நீ என்ன தெரிஞ்சா சொன்ன? சங்கத்துல பேரை வெட்டினது எனக்குத் தெரியாதா? அது மெஷின் போடுகதாக்கும்னும் தெரியும். நான் ஒண்ணும் மந்த புத்திக்காரி இல்ல.”

பையிலிருந்து ஃபோனை எடுத்துக் காட்டினார். பித்தான் வைத்த பழைய ஃபோன். திறந்தால் கீழே கீழே ஒரே செய்திதான், நாள் மட்டும் வேறு வேறு. ஃபோன் நிறைந்துபோய் இடம் இல்லை என்று சொல்லும்போதெல்லாம் ரீசார்ஜ் விளம்பரம், பேங்க் செய்தி எல்லாவற்றையும் அழித்து இதற்கு இடம் உண்டாக்குவாராம். பேங்க் செய்தியை அழிக்காதீங்கக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

“ஜெபமாலை சொல்லி எந்திச்ச உடனே இது ஒரு சத்தம் போடும். நானும் மகளும் பாப்போம். படகுக்க பேரு, கடலில் உள்ளது. ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணும் பேசிக்கிட மாட்டோம். பின்னயாக்கும் சோறு போடுகது. இப்பம் மூணு நாளா எப்பம் சோறு போடணும்னே தெரியல்ல, கேட்டியா? ரெண்டு பேரும் சும்மா முகத்தப் பாத்துக்கிட்டு இருக்கோம்.”

 அவர் என்னைத் தேற்றுவது போல லேசாகச் சிரித்தார்.

“அவரு சொன்ன நேரத்துக்கு என்னைக்கும் வந்ததில்ல மக்களே. எனக்க கலியாணத்துக்கே பிந்தித்தான் வந்தாரு. கோயில்ல எல்லாரும் காத்து நிக்காவ, மாப்பிள்ளயக் காணல்ல. கேட்டா, வலை காயப் போட்டிருந்தேன், மழை வந்துட்டுதுன்னு சொல்லுகாரு. கொல்லணும் போல இருந்தது எனக்கு.”

அந்த நேரம் பார்த்து என் செல்போன் அடித்தது. வளைகுடாவிலிருந்து வீட்டுக்காரர். மத்தியானம் சாப்பிடப் போகும்போது கூப்பிடுவார். நான் வழக்கமாக வேலை நேரத்தில் எடுக்க மாட்டேன். அன்றைக்கும் துண்டிக்கப் போனேன்.

“எடு மக்களே” என்றார் அந்த அக்கா. குரலில் ஒரு அதட்டல் இருந்தது. “ஆளு கூப்பிட்டா எடுக்கணும்.”

எடுத்தேன். வீட்டுக்காரர் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. சாப்பிட்டியா, மழை நிக்கலியா, அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கு, என்ன கறி வச்சீங்க. அவ்வளவுதான். தினம் கேட்கிறதுதான். நான் எப்போதும் ‘ம், ம்’ என்று தள்ளிவிடுகிற கேள்விகள். அந்த அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே தெருவைப் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தார். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அவர் கழுத்து நின்ற நிலையிலேயே தெரிந்தது. நான் அவியலும் மீன் வறுவலும் என்றபோது குரல் தடுமாறிவிட்டது. என்ன ஆச்சு, சளி பிடிச்சிருக்கா என்று கேட்டார் வீட்டுக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

“நல்லாப் பேசுகாரு” என்றார் அக்கா.  பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார்.

“கல்லறைத் திருநாளு வருகு மக்களே. செத்தவங்களுக்கான பூசையில வாசிக்கதுக்கு பேரு எழுதிக் குடுக்கச் சொல்லி வீட்டுக்கு ஆளு வருவாவ. போன வருசமும் வந்தாவ. நான் இந்த ஃபோனைத் தொறந்து காட்டினேன். இன்னா பாருங்க, கடலில் உள்ளதுன்னு வருகு, நான் எப்பிடி எழுதிக் குடுப்பேன்னு கேட்டேன். அவிய ஒண்ணும் சொல்லாம போயிட்டாவ. இந்த வருசம் வந்தா எதைக் காட்டுவேன்? அண்ணன்மாரு, மைனிமாரு எல்லாம் சொல்லுகாவ, எழுதிக் குடுத்திரு, ஆத்மா அலையும்னு. நான் என் கையால அந்தப் பேரை எழுதணுமா? எனக்கு ஏலாது மக்களே.”

இதற்குத்தானா என்று எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வேறு எதற்கும் இல்லாவிட்டாலும் இதற்கு என்னிடம் வழி இருக்கிறதே. “அக்கா, கவலைப்படாதீங்க. உங்க ஒரு நம்பருக்கு மட்டும் பழையபடி தினமும் வர்ற மாதிரி நான் எழுதிப் போடுறேன். அஞ்சு நிமிஷ வேலை. சங்கத்துல யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்” என்றேன். சொல்லிக்கொண்டே நிரலைத் திறந்தும் விட்டேன்.

அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“வேண்டாம் பிள்ளே. நீ போட்டா அது நீ போட்டதாக்கும். எனக்குப் பாவம் பாத்து நீ போடுகது. அது எனக்கு வேண்டாம். முன்ன வந்தது ஆரும் போட்டதில்ல. சங்கத்துல வெட்டியாச்சு, கோயில்ல எழுதக் கேட்டாச்சு, சொந்தக்காரங்க அழுது முடிச்சாச்சு. ஒருத்தரும் சொல்லாம அது மட்டும் அவரை வச்சிருந்துது. அதனாலயாக்கும் நான் அதை நம்பினது.”

திறந்த நிரலை மூடிவிட்டேன்.  

“எப்பிடி வச்சிருந்துது?” என்று கேட்டார். “அதை மட்டும் எனக்குச் சொல்லு. மெஷினுக்கு எப்பிடி மறக்காம இருந்துது?”

நான் ஆங்கிலச் சொற்களையெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன். “படகுன்னு ஒரு பெரிய பெட்டிக்கா. அதுக்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னப் பெட்டி. பெரிய பெட்டியில பூட்டி வச்சிருக்கறதைக்கூட சின்னது எடுத்துக்கும். ஏன்னா சின்னது உண்டாகும்போதே பெரிய பெட்டியோட விலாசத்தைக் கையில வச்சுக்கும். யாரும் எழுதிக் கொடுக்க வேண்டாம், அதுவா வச்சுக்கும். பிறகு வெளியில உள்ளவங்க பெரிய பெட்டி வேண்டாம்னு எடுத்துப் போட்டாலும், சின்னது பிடிச்சிருக்கிற வரைக்கும் கம்ப்யூட்டர் அதை அழிக்காது.”

அவர் யோசித்தார். “அந்தச் சின்னப் பெட்டியில என்ன கெடந்துது?”

“உங்க பேர்க்கா. உங்க ஃபோன் நம்பர்.”

“எனக்க பேரா?”

“ஆமாக்கா. உங்க வீட்டுப் பெட்டியில வேற ஒண்ணுமே கிடையாது.”

“அப்பம் ஆரு புடிச்சு வச்சிருந்தது?”

“நீங்கதான்” என்றேன். எனக்கே அப்போதுதான் உறைத்தது. நிரலைப் படித்தபோது வீடு படகைப் பிடித்திருக்கிறது என்று வெறும் விஷயமாகத்தான் எனக்குத் தெரிந்தது. அந்த வீடு எதிரே ஈரச் சேலையோடு உட்கார்ந்திருக்கும் என்று நான் நினைத்தேனா?

அக்கா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்து மேஜைப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். கீழே கடையில் எண்ணெயில் காய் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் முதுகில் கை வைத்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்பம் அது எப்பிடி இருக்கு?” என்று கேட்டார்.

பொய் சொல்லத் தோன்றியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாது. “இப்ப மாத்தி எழுதியாச்சுக்கா. உங்க பேரும் நம்பரும் மட்டும் தனியா இருக்கு. எந்தப் படகுன்னு அதுக்குத் தெரியாது.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “அந்த நம்பரையும் எடுத்திரட்டுமாக்கா? நாளைக்கு வேற ஏதாவது தப்பா வந்து உங்களுக்குக் கஷ்டமாயிரக் கூடாது” என்றேன்.

“எடுக்காண்டாம்” என்றார் சட்டென்று. “எடுக்காத மக்களே. அது அங்க கெடக்கட்டு.”

“ஒண்ணுமே வராதுக்கா அதுக்கு.”

“வராட்டு வேண்டாம்.” எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். நான் விவரம் தெரியாத பிள்ளை என்பது போல என்னைப் பார்த்தார். “அவரு வந்தா கரை சேர்ந்ததுன்னு அனுப்பதுக்கு நம்பரு வேணும்லா?”

பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். வழியில் மழையைப் பற்றியும், மகளின் படிப்பைப் பற்றியும் பேசினார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே, “வீட்டுக்காரரு கூப்பிட்டா எடுக்கணும், என்னா?” என்று இன்னொரு முறை சொன்னார். நான் தலையாட்டினேன். பஸ் போன பிறகும் அங்கேயே நனைந்துகொண்டு நின்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி வந்தவளுக்கு ஒரு விஷயம் மண்டையில் உறுத்தியது. நான் எழுதி வைத்திருந்தபடி, நாளைக்கே அந்தப் படகு வந்து நின்றாலும் அந்த நம்பருக்குச் செய்தி போகாது. நம்பர் கிடக்கும், அவ்வளவுதான். அதற்கும் படகுக்கும் சம்பந்தம் இல்லாமல் நான்தானே செய்தேன்? உட்கார்ந்து சில வரிகள் எழுதினேன். ரகசியமாகப் பிடித்துக்கொள்கிற பழைய முறையில் அல்ல. அந்தத் தனி வீட்டிடம் படகின் பெயரை நானே வெளிப்படையாக எழுதிக் கொடுத்தேன். கரை சேராமலே பட்டியலிலிருந்து எடுக்கப்பட்ட படகின் பெயரை, எப்போதாவது யாராவது சங்கத்தில் ‘கரை சேர்ந்தது’ என்று பதிந்தால், அதில் போனவர்களின் வீடுகளுக்கு அந்த நிமிஷமே செய்தி போக வேண்டும். வேறு எந்தச் செய்தியும் எந்த நாளும் அவர்களுக்குப் போகக் கூடாது. செயலாளரிடம் சொன்னேன்.  “கெடக்கட்டும் மேடம்” என்றார்.

கல்லறைத் திருநாளுக்கு அந்த அக்கா பெயர் எழுதிக் கொடுக்கவில்லை என்று பிறகு செயலாளர் மூலமாகத்தான் தெரிந்தது. கேட்க வந்தவர்களிடம், எனக்க நம்பரு கம்ப்யூட்டருல கெடக்கு, வந்தா சொல்லுவாவ என்று சொல்லி அனுப்பினாராம். அது அவருக்கு நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நெஞ்சிலடித்து அழுத அந்தத் தாயாரையும் நினைத்துக்கொள்கிறேன். ஒரே செய்தி, ஒருத்தருக்கு முள், ஒருத்தருக்குச் சோறு.

இந்த வருடம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், சங்கத்து நிரலைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள், திரும்பி என்னிடம் கேட்டாள். “அக்கா, இந்தப் பகுதி எழுதினதுலேருந்து ஒரு தடவைகூட ஓடவே இல்லை. தேவையில்லாம கிடக்கு. எடுத்துரலாமா?”

அவளுக்கு நான் விளக்கம் எதுவும் சொல்லவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். ஆனால் இன்றைக்கும் சாயங்காலம் செய்திகள் போகிற நேரத்தில் என்னையறியாமல் அந்த வரிகளைத் திறந்து பார்க்கிறேன், ஒரே ஒரு முறை அது ஓடிவிடாதா என்று.